திரையில் திருத்திய மாணவர்கள்

எழுதியதைத் திருத்துவது ஒரு காலத்தில் கை நோகும் வேலையாக இருந்தது. ஒரு பத்தியை முன்னே கொண்டுவர வேண்டுமானால், அதன் பின்வரும் பக்கங்களையெல்லாம் மீண்டும் தட்டச்சு செய்தாக வேண்டும். 1964-இல் ஐ.பி.எம். நிறுவனம் காந்த நாடா பூட்டிய தட்டச்சுப் பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதனால் பயனடைந்தவை அலுவலகங்களே. 1981-இல் அதே நிறுவனத்தின் சிறு கணிப்பொறி வெளியானபின் அமெரிக்கக் கல்லூரிகளிலும் இவ்வசதி பரவலாயிற்று. படியெடுக்கும் தொல்லை நீங்கியது. இனி மாணவர் சலிப்பின்றித் திருத்துவர் என ஆசிரியர் பலர் நம்பினர்.

கணிப்பொறியோடு தொடர்பில்லாத ஓர் ஆய்வு இந்த நம்பிக்கைக்கு முன்னரே ஐயம் எழுப்பியிருந்தது. 1980-இல் நான்சி சாமர்ஸ் என்னும் அம்மையார், கல்லூரி முதலாண்டு மாணவர் 20 பேரையும் எழுதிப் பழகிய பெரியவர் 20 பேரையும் ஒப்பிட்டார். ஒவ்வொருவரும் மூன்று கட்டுரைகள் எழுதி, ஒவ்வொன்றையும் இருமுறை திருத்தி எழுதினர். மாணவர் செய்த மாற்றங்கள் பெரும்பாலும் சொல்லளவில் நின்றன. ஒரே சொல் இருமுறை வந்துவிட்டதா? ஈடாக வேறொரு சொல்லை இட்டால் போதும், திருத்தம் முடிந்தது! பழகியவர்களோ முதற்படியைத் தம் கருத்துக்கு வடிவம் தேடும் முயற்சியாகவே கொண்டனர். படிப்பவர் எங்கே இடறுவார் என்று எண்ணி, கட்டுரையின் அமைப்பையே மாற்றினர். மாணவரைச் சோம்பேறிகள் என்று சொல்வதற்கில்லை. எதைத் திருத்துவது என்பதே அவர்களுக்குப் புலப்படவில்லை.

அத்தகையோர் கையில் பொறி என்ன செய்யும்? கனடாவின் கால்கரி நகரில் ரிச்சர்டு காலியர் நான்கு மாணவியரைக் கொண்டு ஆராய்ந்து, 1983-இல் முடிவை வெளியிட்டார். மாற்றங்கள் பெருகின, கட்டுரையும் நீண்டது, தரம் மட்டும் உயரவில்லை. நால்வரை வைத்து உலகுக்கே தீர்ப்புக் கூற இயலாதுதான். எனினும் சாமர்ஸ் கண்டதோடு இது பொருந்துகிறது.

திரையும் குறுக்கே நின்றது. அக்காலத் திரையில் 24 அல்லது 25 வரிகளே தெரியும். சன்னல் வழியே தேர் பார்ப்பவருக்குச் சக்கரம் தெரிந்தால் கலசம் தெரியாதல்லவா? கிறிஸ்டினா ஹாஸ், ஜான் ஹேய்ஸ் இருவரும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதி செய்தது. சிறு கணிப்பொறியின் திரையில் ஒரு செய்தி எங்கிருக்கிறது எனத் தேடவும், குலைந்த வரிசையைச் சீராக்கவும் தாளைவிடக் கூடுதல் நேரம் பிடித்தது. கணிப்பொறியில் எழுதிப் பழகியவர்களே அச்சிட்டுத் தாளில் படித்துப் பார்த்தனர்.

அதே ஆண்டில் கோலெட் டயூட் பள்ளிச் சிறுவர்களிடம் கண்டது இன்னும் சுவையானது. கணிப்பொறி மட்டும் கிடைத்தபோது அவர்கள் எழுத்துப் பிழைகளை நீக்கினர். புதிய வரிகளைக் கட்டுரையின் கடைசியில் ஒட்டிவிட்டனர். பத்தியின் கருத்து தெளிவாக உள்ளதா என்பது போன்ற வினாக்களைக் கணிப்பொறியே கேட்குமாறு அமைத்தபோது, அவர்கள் கட்டுரையின் உள்ளே புகுந்து திருத்தத் தொடங்கினர்.

1993-இல் ராபர்ட் பாங்கர்ட்-டிரவுன்ஸ் 32 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். கணிப்பொறியால் எழுத்தின் தரம் சற்றே உயர்ந்திருந்தது. அந்த உயர்வு எழுத்தில் பின்தங்கிய மாணவரிடமே கூடுதலாகக் காணப்பட்டது.