தூத்துக்குடியிலிருந்து மலையேறிய படகு

குறிஞ்சி நிலத்துக்குரிய நீராக நம் பொருளிலக்கணம் வகுத்தவை அருவியும் சுனையும் ஆகும். பொய்கை மருதத்துக்கு உரியது. ஆயினும் பழனி மலைத்தொடரின் உச்சியில், கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், நட்சத்திர வடிவில் ஓர் ஏரி விரிந்து கிடக்கிறது. கொடைக்கானலைப் பாடப் புகுந்த கவிஞர் பலரும் அதனை இயற்கை அன்னையின் கொடை என்றே பாடி வருகின்றனர். உண்மையில் அது மனிதன் கரை கட்டித் தேக்கிய நீர். அதனைத் தேக்கியவரின் வாழ்வும், அவருக்குப் பின் அந்த மலை அடைந்த மாற்றமும் நினைவிற் கொள்ளத்தக்கவை.

கொடைக்கானலின் வரலாற்றை ஆங்கிலேயர் வருகையிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அவர்கள் வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்னரே பளியரும் புலையரும் குன்னுவரும் இம்மலையில் வாழ்ந்து வந்தனர். 1821-ஆம் ஆண்டில் நில அளவைக்காக லெப்டினன்ட் வார்டு இங்கு ஏறி வந்தபோது அவருக்குத் தங்கலாக அமைந்தது வெள்ளகவி என்னும் மலையூரே. 1834-இல் மதுரைத் துணை ஆட்சியராக இருந்த ராட்டன் செண்பகனூர் அருகே ஒரு சிறு மனை எழுப்பினார். சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்க்கும் தம் மக்களைப் பலிகொடுத்து வருந்திய அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த குடும்பங்கள், 1845-இல் இங்கு இரண்டு வீடுகளைக் கட்டிக் குடியேறின. இன்றைய நகரத்தின் வித்து அதுவே.

இச்சிறு குடியிருப்பை ஊராக்கியவர்களுள் முதலிடம் பெறத்தக்கவர் வீர் ஹென்றி லெவிஞ்ச். 1819-இல் பிறந்த இவர், சென்னை மாகாண ஆட்சிப் பணியில் சேர்ந்து, 1860 முதல் 1867 வரை மதுரை மாவட்ட ஆட்சியராக விளங்கினார். மூன்று ஓடைகள் வந்து கூடும் சதுப்பான பள்ளத்தாக்கு ஒன்று குடியிருப்பின் நடுவே கிடந்தது. அதன் தாழ்ந்த முனையில் ஒரு கரையை எழுப்பினால் நீர் தானே பரந்து நிற்கும் என அவர் கண்டார். 1863-ஆம் ஆண்டில் கரை எழுந்தது. அதற்கான செலவைத் தம் சொந்தப் பணத்திலிருந்தே அவர் ஏற்றார். சுமார் 24 ஹெக்டேர் பரப்புள்ள ஏரி அவ்வாறு உருவாயிற்று. பள்ளத்தாக்கின் கிளைகள் ஒவ்வொன்றிலும் நீர் புகுந்து நின்றமையாலேயே அதற்கு நட்சத்திர வடிவம் வாய்த்தது.

ஏரி அமைந்தபின் அதில் மிதக்க ஒரு படகு வேண்டும் அன்றோ? மலையில் படகு கட்டுவார் இல்லை. ஆகவே முதற்படகு தூத்துக்குடியிலிருந்து கொண்டுவரப்பட்டது. முத்துக் குளித்த துறையின் படகு, 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவைக் கடந்து, கடலையே காணாத ஓர் ஊருக்கு வந்து சேர்ந்தது. அக்காலத்தில் மலைமேல் வண்டிப்பாதை இல்லை. அடிவாரத்தில் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரையில் மாட்டுவண்டி வரும். அதற்குமேல் குதிரை, குதிரை ஏற இயலாதவர்க்கு நாற்காலி, டோலி. இவற்றை மனிதரே தோளில் சுமந்து ஏறினர். மோட்டார் வண்டி மலையேறியது 20-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டிலேயாம். எனவே அந்நாளில் மலைமேல் சென்ற கண்ணாடிச் சாளரம், இரும்புக் கட்டில், இசைப்பெட்டி யாவும் குதிரையும் எருதும் மனிதரும் சுமந்தவையே. ஏட்டில் ஆட்சியரின் பெயர் நின்றது. கரைக்கு மண் சுமந்தவர் பெயரும், பாரம் சுமந்தவர் பெயரும் நிற்கவில்லை.

1867-இல் பணி ஓய்வு பெற்ற ஆங்கிலேய அதிகாரிகளில் பெரும்பாலோர் செய்தது தாயகத்துக்குக் கப்பலேறுவது. லெவிஞ்ச் அவ்வாறு செய்யவில்லை. ஓய்வுக்குப் பின் கொடைக்கானலிலேயே நிலையாகத் தங்கினார். பாம்பார் இல்லம் அவர் வீடாயிற்று. மலைப்பாதையைச் செம்மை செய்தல், ஊருக்குள் சாலைகள் அமைத்தல், அயல்நாட்டுப் பழமரங்களையும் பூஞ்செடிகளையும் கொணர்ந்து பயிரிடல் என, பதவி தந்த அதிகாரம் நீங்கிய பின்னும் அவர் இவ்வூருக்கே உழைத்தார். அயர்லாந்திலிருந்த அவர் குடும்பத்தின் வழிவழிப் பட்டம் 1884-இல் அவரை வந்தடைந்தது. மறு ஆண்டே, 1885-இல், அவர் காலமானார். இன்று நாம் 'சர் வீர் லெவிஞ்ச்' என வழங்கும் அடைமொழி அவர் வாழ்வின் இறுதி ஓராண்டுக்கே உரியது. ஏரி கட்டிய நாளில் அவர் பட்டமற்ற லெவிஞ்சே.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு இன்றியமையாதது. இதே மேற்கு மலையின் தென்பகுதியில், 1895-இல், கர்னல் ஜான் பென்னிகுயிக் முல்லைப் பெரியாற்று அணையைக் கட்டி முடித்தார். அவரும் அயலவரே, அவரும் அதே அரசின் அதிகாரியே. எனினும் கம்பம் பள்ளத்தாக்கின் உழவர் அவர் படத்தை வீட்டில் வைத்து வணங்குகின்றனர். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகின்றனர். தைத் திங்களில் அவருக்காகப் பொங்கலிடுகின்றனர். 2013-இல் லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபமும் எழுந்தது. லெவிஞ்சுக்கு அத்தகைய பொங்கல் இல்லை. காரணம் தேடி வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. ஒருவர் தேக்கிய நீர் வயலுக்குச் சென்றது. மற்றவர் தேக்கிய நீர் கண்ணுக்கு விருந்தாயிற்று. ஏரி உருவாகி 13 ஆண்டுகள் கழித்து, 1876-இல், தாது வருடப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடியது. கீழே மதுரைச் சீமை கஞ்சிக்கு ஏங்கியபோது மேலே வெள்ளையரின் கோடை வாசத்தலம் வளர்ந்து கொண்டிருந்தது. மக்கள் நினைவு எதனைப் பற்றிக்கொள்ளும், எதனை நழுவவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

மற்றொன்றும் உண்டு. 1867-ஆம் ஆண்டளவில் மேஜர் பார்ட்ரிட்ஜ் என்பார் ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் மரத்தையும் வாட்டில் மரத்தையும் இங்குக் கொணர்ந்தார். விறகுக்கும் நிழலுக்கும் உதவும் என்னும் நல்லெண்ணமே அதன் அடிப்படை. பிற்காலத்தில், நாடு விடுதலை பெற்ற பின்னர், தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆலைக் கூழுக்காகவும் இம்மரங்கள் புல்வெளிகளில் பேரளவில் நடப்பட்டன. பழனி மலையின் உயிர்நிலை சோலைக்காடும் அதனைச் சூழ்ந்த புல்வெளியும் ஆகும். மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, வடக்கே அமராவதிக்கும் தெற்கே வைகைக்கும் சிறுகச் சிறுக விடுவிப்பவை அவையே. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பதும் அப்புல்வெளியிலேதான். வாட்டில் பரவிய இடத்தில் புல் மறைந்தது. புல்லோடு குறிஞ்சியும் மறைந்தது. 1985-இல் பழனிமலைப் பாதுகாப்பு மன்றம் தோன்றியதும், 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பெற்றதும் இவ்விழப்பை உணர்ந்ததன் விளைவுகளே.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கின் லெவிஞ்சின் தொண்டு சிறுத்துவிடுமோ என ஐயுறலாம். சிறுக்காது. ஓய்வூதியத்தோடு ஒதுங்கியிருக்கக்கூடிய ஒரு முதியவர், தாம் பிறவாத ஊர் ஒன்றினைத் தம் ஊராகக் கொண்டு, கைப்பொருளையும் எஞ்சிய ஆண்டுகளையும் அதற்கே ஈந்தார் என்பது மறுக்கவொண்ணாத உண்மை. ஆனால் ஒருவரை நினைவுகூர்தல் என்பது புகழ்மாலை சூட்டுவதோடு நின்றுவிடுவதன்று. அவர் தம் இனத்தாரின் நலத்துக்காகவே இதனைச் செய்தார் என்பதையும், அவர் தலைமுறை நட்ட மரங்கள் மலையின் முகத்தையே மாற்றின என்பதையும், பெயரற்ற தோள்கள் அவர் கனவைச் சுமந்தன என்பதையும் சேர்த்து நினைப்பதே முழு நினைவு.

1890-இல் ஏரியில் படகுக் கழகம் அமைந்தது. 1932 மே மாதம் முதல் சுற்றுலாப் பயணிகளுக்கும் அதன் படகுகள் திறந்துவிடப்பட்டன. ஒரு சிலரின் மாலைப்பொழுதுக்காகத் தேக்கப்பட்ட நீரில், இன்று கோடை விடுமுறைக்கு வரும் எளிய குடும்பங்கள் துடுப்பு வலிக்கின்றன. சுமந்தவரின் பேரர்கள் அப்படகில் அமர்ந்து செல்கின்றனர் எனின் அது மிகையாகாது. ஏரி நிரம்பி வழியும் நீர் மலைச்சாலையோரம் வெள்ளி அருவியாய் வீழ்கிறது. மருதத்தின் பொய்கை மீண்டும் குறிஞ்சியின் அருவியாகும் இடம் அது. பாடுவோர் அங்குச் சற்றே நின்று, கரை கட்டியவரையும் மண் சுமந்தவரையும் ஒருசேர எண்ணிப் பாடுவாராக.