ஒரு மூட்டை அரிசியும் சில வரி வரலாறும்

சென்ற ஆண்டு இளங்கலை மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்த பிறகு என்னிடம் வந்து, கொரியாவின் சோசன் அரசர்கள் பத்துப் பேரின் பெயரை வரிசையாகச் சொன்னாள். யார் யாரைக் கவிழ்த்தார்கள், எந்த அரசி நஞ்சு கொடுக்கப்பட்டு இறந்தாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அத்தனையும் தொலைக்காட்சித் தொடர்கள் கற்றுக்கொடுத்தவை. நான் சிரித்துக்கொண்டே, "இதில் பாதி ஆர்வத்தை நம்மூர் வரலாற்றில் காட்டக்கூடாதா?" என்றேன். அவள் தயங்காமல் கேட்டாள்: "நம்ம சிவகிரிப் பாளையக்காரங்க நாலு பேர் பேரு சொல்லுங்க ஐயா. அவங்க வீட்டுப் பொம்பளை ஒருத்தங்க பேராவது சொல்லுங்க."

'வரகுணராம பாண்டியச் சின்னத்தம்பியார்' என்ற பட்டப்பெயர் ஒன்றைத் தவிர என்னால் எதையும் உடனே சொல்ல முடியவில்லை. பெண்களில் ஒருவர் பெயரும் நினைவில் எழவில்லை. இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் எனக்கு அந்த மௌனம் உறுத்தலாகவே இருந்தது. இக்கட்டுரை அதிலிருந்து பிறந்தது.

கிழக்காசியத் தொடர்களைப் பற்றி இலக்கிய வட்டங்களில் பேசினால் நண்பர்கள் முகம் சுளிப்பதுண்டு. அவற்றை நானும் வெகுகாலம் பொருட்படுத்தியதில்லை. 2013இல் தொடங்கப்பட்ட புதுயுகம் தொலைக்காட்சி, அதன் பின் கொரியத் தொடர்களைத் தமிழ்க் குரலில் ஒளிபரப்பத் தொடங்கியபோது எங்கள் வீட்டில் 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' ஓடிக்கொண்டிருந்தது. கோடீஸ்வரப் பையன், சலவைக்கடைக்காரர் மகள், இவர்களுக்கிடையே காதல். நம் திரைப்படங்கள் ஐம்பது ஆண்டுகளாக அரைத்த மாவு. என்னை அதில் ஈர்த்தது கதையன்று, அது வந்த வழி. யோகோ காமியோ என்ற ஜப்பானியப் பெண்மணி 1992இல் எழுதத் தொடங்கிய படக்கதை அது. 2001இல் தைவானிலும், 2005இல் ஜப்பானிலும், 2009இல் கொரியாவிலும் தொடராகி, கடைசியில் தமிழ் பேசிக்கொண்டு சிவகிரிக்கு வந்து சேர்ந்திருந்தது. 1910 முதல் 1945 வரை ஜப்பானின் காலனியாகக் கிடந்த கொரியா, 1998 வரை ஜப்பானிய வெகுசனக் கலைகளுக்குத் தன் கதவை அடைத்தே வைத்திருந்தது. அந்த ஆண்டு கிம் டே-ஜுங் அரசு தடையைப் படிப்படியாகத் தளர்த்தத் தொடங்கியது. அடுத்த பதினோரு ஆண்டுகளுக்குள் ஒரு ஜப்பானியக் கதை கொரிய வீடுகளின் பேச்சாகிவிட்டது.

ஆனால் நான் இங்கே பேச விரும்புவது காதல் கதைகளைப் பற்றியல்ல. வரலாற்றைச் சின்னத்திரைக்குக் கொண்டுவந்த இரண்டு தொடர்களைப் பற்றி.

*

முதலாவது 'ஓஷின்'. ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே., 1961 முதல் காலைநேரத் தொடர்களையும், 1963 முதல் ஆண்டுக்கொரு வரலாற்றுப் பெருந்தொடரையும் விடாமல் ஒளிபரப்பிவருகிறது. காலைத் தொடர் வரிசையில் 1983 ஏப்ரலில் தொடங்கி 1984 மார்ச்சில் முடிந்தது 'ஓஷின்'. பதினைந்து நிமிடங்களாக 297 பகுதிகள். ஜப்பானில் அதன் சராசரிப் பார்வையாளர் அளவு 52.6 விழுக்காடு. பின்னர் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அது சென்றது. ஜப்பானிய உதவியோடு அமைக்கப்பட்டு 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியிலும் அது வந்தது.

யாமகட்டாப் பகுதியின் பனிமலை அடிவாரத்தில் குத்தகை விவசாயி ஒருவரின் மகள் ஓஷின். வீட்டில் சோறு இல்லை. முள்ளங்கியைக் கலந்து சமைத்ததுதான் உணவு. ஏழு வயதில் ஒரு மூட்டை அரிசிக்காக அவளை ஓராண்டு வேலைக்கு அனுப்புகிறார்கள். மொகாமி ஆற்றில் மரத்தெப்பத்தில் அவள் போக, கரையில் பெற்றோர் நிற்கும் காட்சியைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. இதைப் பார்த்து அழுவது எளிது. அழுகையைத் தாண்டி அதில் இன்னொன்று இருக்கிறது. வேலை செய்த வீட்டிலிருந்து தப்பியோடிப் பனியில் விழுந்து கிடக்கும் சிறுமியைக் காப்பாற்றி எழுத்தறிவிப்பவன், ருஷ்ய–ஜப்பானியப் போரிலிருந்து ஓடிவந்த படைவீரன். யோசானோ அகிகோ 1904இல் போர்முனையிலிருந்த தன் தம்பியை எண்ணி எழுதிய கவிதையை அவன் அவளுக்குக் கற்றுக்கொடுக்கிறான். அந்தக் கவிதைதான் தொடரின் முதுகெலும்பு. 1923இன் பெரும் நிலநடுக்கம் அவள் குடும்பத்தின் தொழிலை அழிக்கிறது. இரண்டாம் உலகப் போர் மூத்த மகனைப் பறிக்கிறது. பிள்ளைகளைப் போருக்குத் தூண்டிய குற்றவுணர்வில் கணவன் தற்கொலை செய்துகொள்கிறான். சிறுவயதில் அந்தக் கவிதையைக் கற்றிருந்தும் போரை எதிர்த்து வாய் திறக்காமல் இருந்தோமே என்பது ஓஷினின் வாழ்நாள் துயரம்.

காலையில் இட்லி வேகும் நேரத்துக்குள் முடிந்துவிடும் ஒரு தொடர், தன் நாட்டின் மனச்சாட்சியிடம் இப்படிக் கேள்வி கேட்க முடியும் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. இதை எழுதிய சுகாகோ ஹாஷிதா 1925இல் பிறந்த இடம் இன்றைய சோல் நகரம். காலனி ஆட்சியாளரின் பக்கத்தில் பிறந்தவர் அவர். ஆனால் காலனியாக்கப்பட்ட கொரியர் இத்தொடரில் எங்கே என்று தேடினால் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை. பாதிக்கப்பட்ட ஜப்பானியத் தாய் இருக்கிறாள், ஜப்பானால் பாதிக்கப்பட்டவர்கள் இல்லை. அதன் மேன்மையைச் சொல்லும்போது இந்தக் குறையையும் சொல்லத்தான் வேண்டும்.

*

இரண்டாவது, எம்.பி.சி. நிறுவனம் 2003–2004இல் ஒளிபரப்பிய 'டே ஜாங் கும்'. 54 பகுதிகள். லீ பியோங்-ஹூன் இயக்கம், லீ யங்-ஏ நாயகி. 2006இல் தூர்தர்ஷன் இதை இந்தியில் ஒளிபரப்பியபோது நம்மவர் பலர் கவனிக்கவில்லை. இலங்கையில் 2012இல் 'சுஜாத தியணி' என்ற பெயரில் சிங்களத்தில் வந்து பெரும் வரவேற்பைப் பெற்றது.

அரண்மனைச் சமையற்கட்டில் வளர்ந்து, சதியால் வெளியேற்றப்பட்டு, மருத்துவம் கற்று, அரசனுக்கே மருத்துவராகும் பெண்ணின் கதை. இதற்கு ஆதாரம் என்ன என்று தேடியபோதுதான் எனக்கு உண்மையான வியப்பு காத்திருந்தது. 1506 முதல் 1544 வரை ஆண்ட சுங்சோங் அரசனின் ஆண்டுக்குறிப்புகளில் சாங்-கும் என்ற மருத்துவப் பெண்ணின் பெயர் ஏறக்குறைய பத்து இடங்களில் வருகிறது. அவளுக்குப் பரிசாகத் தானியம் கொடுத்தது, அதிகாரிகள் அவள்மீது குறை சொன்னது, இறுதி நோயில் கிடந்த அரசன் தன் உடல்நிலையை அவளே அறிவாள் என்னும் பொருளில் சொன்னது என்று எல்லாம் துண்டு துண்டான செய்திகள். குறிக்கப்படுவது ஒரே பெண்தானா என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. அவள் சமையற்கட்டில் இருந்ததாக அக்குறிப்புகள் சொல்லவில்லை. தொடரின் முதற்பாதி முழுவதும் புனைவு. மருத்துவப் பெண்கள் அன்றைய சமூகத்தில் கீழ்நிலையினர். அந்தக் கீழ்நிலைப் பெண்ணைப் பற்றிய சில வரிகளிலிருந்து 54 பகுதிகள் முளைத்தன.

முளைத்ததைவிட முக்கியமானது அந்த வரிகள் பிழைத்திருந்தது. 1392 முதல் 1863 வரையிலான சோசன் ஆண்டுக்குறிப்புகளை 1997இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அரசவையில் எப்போதும் வரலாற்றுக் குறிப்பாளர்கள் உடனிருப்பார்கள். அவர்கள் எழுதியதை அரசன் படிக்கக் கூடாது. அரசன் இறந்த பிறகு குறிப்புகளைத் தொகுப்பார்கள், மூலத்தாள்களை ஓடைநீரில் கழுவி மையை அழிப்பார்கள். 1404இல் தேசோங் அரசன் வேட்டையாடும்போது குதிரையிலிருந்து விழுந்துவிட்டு, குறிப்பாளனுக்கு இது தெரியக் கூடாது என்று சொன்னானாம். அவன் விழுந்ததும் பதிவாயிற்று, அப்படிச் சொன்னதும் பதிவாயிற்று! 1498இல் யோன்சான் என்ற கொடுங்கோலன் ஆட்சியில் ஒரு குறிப்பே காரணமாகி அறிஞர்கள் கொல்லப்பட்டார்கள். எழுதுவது உயிர்போகும் வேலையாகவும் இருந்திருக்கிறது.

1592இல் ஜப்பானியப் படையெடுப்பில் வெவ்வேறு ஊர்களில் வைத்திருந்த படிகள் எரிந்துபோயின. ஜோன்ஜு நகரின் படி மட்டும் தப்பியது. உள்ளூர் அறிஞர்கள் அதை மலைக்குச் சுமந்து சென்று காவலிருந்தார்கள். அவர்கள் அதைத் தூக்கிச் செல்லாதிருந்தால் சாங்-கும் என்று ஒருத்தி இருந்ததே தெரியாமற்போயிருக்கும்.

இத்தனை ஆவணம் இருப்பதால் கொரியர்கள் வரலாற்றைச் சரியாகவே காட்டுகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நிறையப் புனைகிறார்கள், பகட்டுகிறார்கள். ஆனால் அங்கே பார்வையாளன் தூங்குவதில்லை. 2021 மார்ச்சில் 'சோசன் எக்சார்சிஸ்ட்' என்ற தொடர் வரலாற்றைத் திரிப்பதாக எழுந்த எதிர்ப்பில் இரண்டே பகுதிகளோடு நிறுத்தப்பட்டது. அந்த எதிர்ப்பில் தேசிய வெறியின் சாயலும் இருந்தது. என்றாலும், மூலத்தை எடுத்துவைத்து வாதாட அங்கே ஒரு மூலம் இருந்தது.

*

இப்போது என் மாணவியின் கேள்விக்கு வருகிறேன்.

சிவகிரியின் பெயர் வரலாற்றில் எங்கெல்லாம் வருகிறது? 1783இல் கர்னல் ஃபுல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிவிட்டுச் சிவகிரிக்கு வந்தார். பாளையத்தார் மலையடிவாரக் காட்டுக் கோம்பைக்குள் பின்வாங்கிப் போரிட்டார்கள். இதை எழுதிவைத்தவர் அதே ஃபுல்லர்ட்டன். பின்னர் கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் இது இடம்பெற்றது. அடுத்து 1882இல் லண்டன் பிரிவி கவுன்சில் வழங்கிய தீர்ப்பு ஒன்று. தந்தை பட்ட கடனுக்கு மகனிடம் வந்த ஜமீன் சொத்து பொறுப்பாகுமா என்பது வழக்கு. சிவகிரி ஜமீன் வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஆக, எங்கள் ஊர் எழுத்தில் நிற்பது, தாக்கவந்தவரின் நூலிலும் கடன் வழக்கின் தீர்ப்பிலும்.

நம்மிடம் எழுதும் வழக்கமே இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கோயில் சுவரெல்லாம் கல்வெட்டு. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதினார். நெற்கட்டும்செவல் பூலித்தேவரையும் வாசுதேவநல்லூர்க் கோட்டையையும் 1761இல் யூசுப்கான் வீழ்த்தியதும், அந்த யூசுப்கானே பின்னர் தூக்கிலிடப்பட்டதும் இம்மண்ணில் பாட்டாகப் பாடப்பட்டன. 'கான்சாகிபு சண்டை', 'கட்டபொம்மு கதைப்பாடல்' போன்றவற்றைத் தேடிப் பதிப்பித்தவர் நா. வானமாமலை. அந்தச் சுமைதூக்கியை நாம் எத்தனை பேர் தொடர்ந்தோம்? தமிழ்த்துறைகளில் நாங்கள் கதைப்பாடல்களைத் தேர்வுக்கான ஐந்து மதிப்பெண் வினாவாக்கி முடித்துக்கொண்டோம். சிலர் இன்னொரு பக்கம் போனார்கள். கொரியாவின் 'சம்குக் யூசா' என்ற பதின்மூன்றாம் நூற்றாண்டு நூல் சொல்லும் ஆயுத நாட்டு இளவரசி, எங்கள் பொதிகைமலை ஆய் நாட்டவளே என்று மேடையில் முழங்குகிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட கதையின் ஓர் ஊர்ப்பெயர் ஒலிப்பொருத்தத்தைத் தவிர இதற்குச் சான்றில்லை. பக்கத்துத் தெருப் பாட்டியின் நினைவைப் பதிவு செய்யாதவர்கள், கொரிய அரசியைச் சொந்தம் கொண்டாடுவது எனக்கு வேடிக்கையாகத் தெரிகிறது.

நம் சின்னத்திரையை மட்டும் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை ஓடியது. அத்தனை ஆண்டுகள் கேட்கும் பொறுமை நம் மக்களுக்கு இருந்திருக்கிறது. கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்வதற்கான அந்தச் சில வரிகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டியது எழுத்தோடு பிழைக்கும் எங்களைப் போன்றவர்களின் கடமை. அதைத்தான் நாங்கள் செய்யவில்லை.

அந்தப் பருவத்தில் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் மூத்தவரிடம் கேட்டு, அவர்களுக்கும் முந்தைய தலைமுறைப் பெண் ஒருவரைப் பற்றி ஒரே ஒரு செய்தியை எழுதி வரவேண்டும். பெயர், ஊர், சொன்னவர் யார் என்ற விவரத்தோடு. நாற்பது தாள்கள் வந்தன. பல, "நல்லா வாழ்ந்தாங்க" என்பதோடு முடிந்திருந்தன. என்னிடம் கேள்வி கேட்ட மாணவியின் தாளில் இப்படி இருந்தது: பாட்டியின் பாட்டி, பஞ்ச காலத்தில் இரண்டு கோட்டை நெல்லுக்காகப் பெரிய வீடொன்றில் மாடு மேய்க்க விடப்பட்டவர். அப்போது வயது எட்டோ ஒன்பதோ. பெயர் என்ற இடத்தில் மட்டும் ஒரு கோடு போட்டிருந்தாள்.

அவளுக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். கோட்டுக்கு மேலே பென்சிலால், பெயரை இன்னும் யாரிடமாவது கேட்டுப் பார் என்று எழுதியிருக்கிறேன். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.