குளுகுளு காற்றும் கட்ச் புழுதியும்

ராத்திரி பத்தரை மணிக்கு போன். எடுத்தால் கட்ச்சிலிருந்து நம்ம கரூர் தம்பி. காற்றாலைப் பராமரிப்பில் வேலை. அகமதாபாத்துக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு வேளையாவது ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுப் போகிற ஆள்.

"ஏனுங்ணா, தூங்கிட்டீங்ளா? ஒரு டவுட்டுங்ணா. வண்டிக்கு கோல்ட் ஏர் இன்டேக் போடலாம்னு இருக்கறனுங். மூணு கிட் பார்த்து வெச்சிருக்கறேன். எதை வாங்கட்டுமுங்?"

வண்டி என்பது செகண்ட் ஹாண்டில் வாங்கிய இசுஸு வி-கிராஸ் பிக்கப். பழைய 2.5 லிட்டர் டர்போ டீசல். லோன் இன்னும் நாலு வருஷம் பாக்கி. தினமும் ஓடுவது தார் ரோட்டில் பாதி, உப்பும் புழுதியுமான மண் பாதையில் பாதி. "போனில் சொன்னால் புரியாது, எழுதி அனுப்புகிறேன், அதுவரைக்கும் எதையும் ஆர்டர் பண்ணாதே" என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் கதை நூறு வருஷம் பின்னால் போய்விட்டது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் ஒழுங்காக எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். வண்டி குடிப்பது பெட்ரோல் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அளவைப் பார்த்தால் அது குடிப்பது காற்றைத்தான். காற்று சூடானால் விரிந்து நீர்த்துப் போகும். 40 டிகிரி காற்றுக்குப் பதில் பானெட்டுக்குள் சுற்றித் திரியும் 60 டிகிரி காற்றை இழுத்தால், அதே கொள்ளளவில் சுமார் 6 சதவீதம் குறைவான காற்றுதான் உள்ளே போகிறது. பெட்ரோல் எஞ்சினில் சக்தியும் ஏறக்குறைய அதே அளவுக்கு இறங்கும். கோல்ட் ஏர் இன்டேக் வியாபாரம் மொத்தமும் இந்த ஒரு வரியில் நிற்கிறது.

வேடிக்கை என்னவென்றால், கார் பிறந்த காலத்தில் எல்லோரும் தேடியது சூடான காற்றை! 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்திலிருந்து சூடான காற்றைக் கார்புரேட்டருக்குக் கொண்டுபோக ஒரு தனிக் குழாயே வைத்திருந்தார்கள். அன்றைய பெட்ரோல் லேசில் ஆவியாகாது. சூடு காட்டினால்தான் வழிக்கு வரும். அந்த வண்டியில் ஏர் ஃபில்டர் என்ற சமாச்சாரமே கம்பெனி கொடுக்கவில்லை. மண் ரோட்டில் ஓடி, புழுதியை அப்படியே குடித்து, பிஸ்டன் ரிங் தேய்ந்து, பிரித்து மேய்ந்து, மறுபடி ஓட்டினார்கள்.

புழுதி ஏன் இவ்வளவு பெரிய எதிரி? மண்ணில் இருக்கும் சிலிக்கா, எஞ்சினின் வார்ப்பிரும்பை விடக் கடினம். கண்ணுக்குத் தெரிகிற மணலை விட ஆபத்து, தெரியாத மாவுப் புழுதி. பத்து, இருபது மைக்ரான் அளவில் இருப்பது பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் எண்ணெய்ப் படலத்துக்குள் நுழைந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். ஃபில்டர்களைச் சோதிக்கும் கூடங்களில் இன்றைக்கும் பயன்படும் தரப்படுத்திய புழுதிக்கு 'அரிசோனா புழுதி' என்றுதான் பேச்சு வழக்கு. கட்ச் புழுதி அதற்கு ஒன்றும் சளைத்ததில்லை. கூடவே உப்பு இலவசம்.

இதற்கு வந்த முதல் உருப்படியான பதில் ஆயில் பாத் ஏர் கிளீனர். காற்று கீழே இறங்கி, எண்ணெய்க் கிண்ணத்தைத் தொட்டுத் திரும்பும்போது, கனமான தூசி திரும்ப முடியாமல் எண்ணெயில் விழுந்துவிடும். இரண்டாம் உலகப்போர் வில்லிஸ் ஜீப்பில் இருந்தது இதுதான். ஊரில் டிராக்டர் வைத்திருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அடியில் இருக்கும் கிண்ணத்தைக் கழற்றினால் சேறு மாதிரி ஒன்று இருக்கும். அதைக் கொட்டி டீசலில் கழுவி, புது ஆயில் ஊற்றுவார்கள். எங்கள் பெரியப்பா வீட்டில் அந்தக் கிண்ணம் கழுவுவது என் வேலை. சட்டையில் கறை படிந்து அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது வேறு கதை.

அதே போரில், ஃபில்டர் வைத்தால் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் உலகம் பார்த்தது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்கும் மால்டாவுக்கும் அனுப்பிய ஸ்பிட்ஃபயர் விமானங்களின் மூக்குக்குக் கீழே 'வோக்ஸ்' என்ற பெரிய ஃபில்டர் பெட்டியை மாட்டினார்கள். தாடை வீங்கின மாதிரி இருக்கும். புழுதி நின்றது, ஆனால் விமானத்தின் வேகமும் மேலேறும் திறனும் குறைந்தன. எதிரி விமானம் பின்னால் வரும்போது அந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை. கடைசியில் எகிப்தில் அபூகிர் என்ற இடத்திலிருந்த பராமரிப்புப் பிரிவு, அதை விடச் சின்னதாக, காற்றைக் குறைவாகத் தடுக்கும் ஒரு ஃபில்டரைத் தானே செய்து மாட்டியது. கம்பெனி கொடுத்ததைக் கழற்றிவிட்டு, காற்று இன்னும் தாராளமாகப் போகும் ஒன்றை மாட்டுவது. நம்ம தம்பி செய்ய நினைப்பதும் இதைத்தான். ஒரு வித்தியாசம்: அவர்கள் ஃபில்டரை மாற்றினார்கள், புழுதியை மறக்கவில்லை.

போருக்குப் பிறகு மடிப்பு மடிப்பான காகித ஃபில்டர் வந்தது. கழுவ வேண்டாம், தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு போடலாம்.

குளிர்ந்த காற்றுப் பைத்தியம் பிடித்தது 1960-களில், அமெரிக்காவின் கால் மைல் பந்தயப் பாதைகளில். 1964-இல் ஃபோர்டு செய்த ஃபேர்லேன் தண்டர்போல்ட் காரில் முன்பக்கம் நான்கு ஹெட்லைட் இருக்க வேண்டிய இடத்தில் உள்ளே இருந்த இரண்டைக் கழற்றிவிட்டு, வலை அடித்து, அங்கிருந்து இரண்டு பெரிய குழாய்களில் வெளிக்காற்றை எஞ்சினுக்குக் கொண்டுபோனார்கள். 1965-இல் பான்டியாக் ஜிடிஓ-வுக்கு, பானெட் மேலிருக்கும் திறப்பிலிருந்து கார்புரேட்டருக்குக் காற்று போக ஒரு தட்டை டீலரிடமே வாங்கி மாட்டிக்கொள்ளலாம். 'ராம் ஏர்' என்ற பெயர் அங்கே பிரபலமானது. வண்டி போகிற வேகத்தில் காற்று தானாக அமுங்கி உள்ளே போகும் என்று அர்த்தம். கணக்குப் போட்டுப் பார்த்தால் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கிடைக்கும் அமுக்கம் வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதம் கூட இல்லை. லாபமெல்லாம் காற்று குளிர்ந்து இருப்பதில்தான், அமுக்கத்தில் இல்லை. 1970 செவ்ரோலே ஷெவெல்லில் இன்னும் புத்திசாலித்தனமாக, கண்ணாடிக்கு அடியில் பின்பக்கம் பார்த்துத் திறக்கும் ஒரு கதவு. ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்தால்தான் திறக்கும். காற்று தேங்கி அழுத்தம் கூடும் இடம் அது என்று கண்டுபிடித்து வைத்தார்கள்.

இதே சமயத்தில் சாதாரணக் கார்களில் நேர் எதிராக நடந்தது. 1960-களின் கடைசியில் புகை விதிகள் வர, எஞ்சின் குளிராக இருக்கும்போது எக்ஸாஸ்ட் பக்கத்துச் சூடான காற்றை இழுத்து, சூடான பிறகு வெளிக்காற்றுக்கு மாறும் ஏர் கிளீனர்களை அமெரிக்கக் கம்பெனிகள் மாட்டின. மாடல் டி-யின் சூடான குழாய், தெர்மோஸ்டாட்டோடு மறு அவதாரம் எடுத்தது. சக்தி தேடிய பையன்கள் முதலில் கழற்றி எறிந்தது இதைத்தான். தனியார் கடைகளுக்குப் பிழைப்பு இங்கேதான் சூடு பிடித்தது என்பது என் கணிப்பு.

அந்தப் பிழைப்பில் பெரிய பெயர் கே அண்ட் என். கலிபோர்னியாவின் ரிவர்சைடில் கென் ஜான்சன், நார்ம் மெக்டொனால்ட் என்ற இருவர் ஆரம்பித்த மோட்டார் சைக்கிள் கடை. இரண்டு எழுத்துகளும் அவர்கள் பெயர்தான். எண்ணெய் தடவிய பருத்தித் துணி ஃபில்டரால் பிரபலமானார்கள். கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம். 

பியூயல் இன்ஜெக்ஷன் வந்த பிறகு கார்புரேட்டர் போய், உள்ளே வரும் காற்றின் எடையை அளக்கும் சென்சார் குழாயிலேயே உட்கார்ந்துகொண்டது. இன்றைய கோல்ட் ஏர் இன்டேக் கிட்டின் உருவம் அதிலிருந்து வந்தது: கம்பெனிப் பெட்டியைக் கழற்று, அகலமான வழுவழுப்பான குழாயைப் போடு, முனையில் கூம்பு ஃபில்டர், பக்கத்தில் ஒரு வெப்பத் தடுப்பு. ஃபோர்டு எஃப்-சீரிஸ் 1977-இலிருந்து அங்கே அதிகம் விற்கும் பிக்கப். அந்த ஊரில் பிக்கப் என்பது குடும்ப வண்டியும்தான். இந்தக் கிட்டுகளுக்குச் சந்தை எவ்வளவு பெரிசு என்று யோசித்துக்கொள்ளுங்கள். டர்போ இல்லாத பெரிய வி8 பெட்ரோல் எஞ்சினும் அவற்றில் உண்டு. அதற்கு இந்த மாற்றம் கொஞ்சம் பலன் தரும். சத்தம் அதை விட நிறையத் தரும். கம்பெனிப் பெட்டியோடு ஒட்டி இருக்கும் வெற்று அறைகள், உறிஞ்சும் சத்தத்தை அடக்க வைத்தவை. அதைக் கழற்றினால் எஞ்சின் உறுமும், உறுமினால் ஓட்டுகிறவருக்கு ஐம்பது குதிரை கூடின மாதிரி இருக்கும் :-)

எல்லாவற்றையும் மாட்ட அங்கேயும் விடமாட்டார்கள். கலிபோர்னியாவில் காற்று வாரியம் சோதித்து, புகை கூடவில்லை என்று உத்தரவு எண் கொடுத்த கிட்டை மட்டும்தான் ரோட்டில் ஓடும் வண்டிக்கு மாட்டலாம். சென்சார் இருக்கும் குழாயின் விட்டம் மாறினால் கணக்கே மாறிவிடும் இல்லையா? அந்த எண் இருந்தால், யாரோ ஒருவர் அளந்து பார்த்திருக்கிறார் என்றாவது அர்த்தம்.

இப்போது நம்ம தம்பியின் வண்டி. டர்போ டீசலில் மேலே சொன்ன 6 சதவீதக் கணக்கு அப்படியே ஓடாது. டர்போ காற்றை அமுக்கும்போதே அது நூறு டிகிரியைத் தாண்டிச் சூடாகும். அதைக் குளிர்விக்கத்தான் இன்டர்கூலர். வாயில் பத்து டிகிரி குறைத்து ஊட்டினாலும், அதில் பெரும்பங்கை இன்டர்கூலர் எப்படியும் சமன்செய்துவிடும். இன்னொன்று, டீசல் எஞ்சின் எப்போதும் தேவைக்கு மேல் காற்றோடுதான் ஓடுகிறது. சக்தியைத் தீர்மானிப்பது எவ்வளவு டீசல் பீய்ச்சுகிறோம் என்பது. டீசலைக் கூட்டாமல் காற்றை மட்டும் கூட்டுவது, சோறு அதே அளவு வைத்துவிட்டு இலையைப் பெரிதாகப் போடுகிற மாதிரி. அதோடு, இன்றைய பிக்கப்புகளில் கம்பெனியே காற்றைப் பானெட்டுக்குள் எடுப்பதில்லை. மட்கார்டு பக்கத்திலிருந்தோ கிரில்லுக்குப் பின்னாலிருந்தோ வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது. 1964-இல் ஹெட்லைட்டைக் கழற்றிச் செய்ததை இன்று கம்பெனி சத்தமில்லாமல் செய்து கொடுத்திருக்கிறது.

நானும் ஒரு காலத்தில் மாட்டியவன்தான். பழைய பெட்ரோல் கார், ஒரு கடையில் மூடியில்லாத கூம்பு ஃபில்டர். 44 டிகிரி மே மாதத்தில் டிராஃபிக்கில் நின்றால், பானெட்டுக்குள் கொதிக்கிற காற்றையே அது உறிஞ்சியது. பேர்தான் கோல்ட். சத்தம் பிரமாதம், இழுவை முன்னை விட மோசம். ஒரு வருஷம் கழித்து ஃபில்டரைக் கழற்றி, குழாயின் உட்புறத்தில் விரலை விட்டுத் தடவினேன். விரல் நுனி முழுக்கப் பழுப்புப் புழுதி. கிளாம்ப் ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை. அதற்குள் எஞ்சின் ஆயில் குடிக்க ஆரம்பித்திருந்தது. அந்தக் காரை விற்றபோது கிடைத்த விலையை வீட்டில் இன்னும் உண்மையாகச் சொல்லவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு விளக்கம் சொன்னது. எஞ்சினில் கை வைக்கும் முன், இன்ஷூரன்ஸ்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

ஆகவே தம்பி, மூன்று கிட்டில் எது என்று கேட்டாய். உனக்கு மூன்றும் வேண்டாம். கம்பெனிப் பெட்டி இருக்கட்டும். காகித ஃபில்டர் இரண்டு வாங்கி ஒன்றை வண்டியிலேயே வை. புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கு முன்னாலேயே மாற்று, உன் பாதை அந்தப் புத்தகத்தில் இல்லை. கம்ப்ரஸர் காற்றை அடித்துச் சுத்தம் பண்ணாதே, காகிதம் கண்ணுக்குத் தெரியாமல் கிழியும். பெட்டி மூடியின் கிளிப்பும் ரப்பர் விளிம்பும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பார். ஃபில்டரைத் தாண்டிய குழாயின் உள்ளே மாதம் ஒரு முறை வெள்ளைத் துணியால் துடை. துணி வெள்ளையாகவே வரணும். கீழே தொங்குகிற ஃபில்டர் கிட்டை மழைக்காலத்தில் ரண் ஓரத்துத் தண்ணீரில் விட்டால் எஞ்சின் தண்ணீரையே குடிக்கும், அதையும் நினைத்துக்கொள். என்றைக்காவது வி8 பெட்ரோல் பிக்கப் வாங்கினால் சொல்லு. அதற்கு மூடிய பெட்டியோடு வருகிற, உத்தரவு எண் உள்ள கிட்டாகப் பார்த்து நானே தேர்ந்தெடுத்துத் தருகிறேன்.

இதை அனுப்பி இரண்டு நாள் பதிலில்லை. மூன்றாம் நாள் வாட்ஸப்பில் ஒரு போட்டோ: வெள்ளைத் துணி, வெள்ளையாகவே. கீழே ஒரு வரி.

"சரிங்ணா, இன்டேக் வேண்டாமுங். சைலன்ஸர் மாத்தலாமுங்ளா?"