சர்ப்பகந்தாவும் பக்கவாதத் தடுப்பும்

1945 ஏப்ரல் 12 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசவெல்ட் மூளை இரத்தக்கசிவால் இறந்தார். அப்போது அவருடைய இரத்த அழுத்தம் 300/190. அழுத்தம் உயர்ந்துவருவது மருத்துவர்களுக்கு முன்பே தெரியும். அதைக் குறைக்க நம்பத்தக்க மருந்துதான் அவர்களிடம் இல்லை. இந்திய மருத்துவர் சிலரோ அதற்குள் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஒரு செடியின் வேரை அதற்குக் கொடுத்துவந்தனர்.

அந்தச் செடி சர்ப்பகந்தா. தமிழில் சிவன் அமல்பொடி என்றும் வழங்கும். பாம்புக்கடிக்கும் மனநோய்க்கும் இதன் வேர் நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டது. பீகாரில் 'பைத்தியத்துக்கான மருந்து' என்றே இதற்குப் பெயர். பாம்பு நஞ்சை இது முறிப்பதற்குச் சான்று இல்லை. மனநோய்க்குக் கொடுத்த பழக்கம்தான் இரத்த அழுத்தத்துக்கு வழிகாட்டியது.

1931இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் இவ்வேர் மனநோயைத் தணிப்பதோடு உயர் இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று எழுதினர். அதே ஆண்டில் தில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி, ரஃபாத் உசேன் சித்திக்கி ஆகியோர் வேரிலிருந்து சில வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்தனர். ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டனர். இந்திய இதழ்களில் வந்த இச்செய்திகளை மேலைநாட்டு மருத்துவர்கள் பெரிதும் கவனிக்கவில்லை.

பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் 50 நோயாளிகளிடம் கண்ட பலனை 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட பிறகே நிலை மாறியது. பாஸ்டனில் ராபர்ட் வில்கின்ஸ் இம்மருந்தைச் சோதித்தார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் வேரின் முதன்மையான செயற்பொருளைப் பிரித்து ரெசர்பின் என்று பெயரிட்டனர். நரம்பு முனைகளில் சேர்ந்திருக்கும் நோரட்ரீனலினை இது வெறுமையாக்கிவிடும். அதனால் இரத்தக் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் இறங்கும்.

அழுத்தம் இறங்கினால் பக்கவாதம் குறையுமா என்பது வேறு கேள்வி. முதிய வயதில் உயரும் அழுத்தம் உடலுக்குத் தேவையானதே, அதைத் தொடக்கூடாது என்று வாதிட்ட மருத்துவர்களும் அந்நாளில் இருந்தனர். எட்வர்ட் ஃப்ரைஸ் தலைமையில் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு இதற்கு விடை தந்தது. மிதமான உயர் அழுத்தம் கொண்ட 380 ஆண்களில் 186 பேருக்கு ரெசர்பின், ஹைட்ரோகுளோரோதயசைடு, ஹைட்ரலசின் மூன்றும் கொடுக்கப்பட்டன. 194 பேருக்குப் போலி மாத்திரை. 1970இல் முடிவு வெளியானது: போலி மாத்திரை பெற்றோரில் 20 பேருக்குப் பக்கவாதம், மருந்து பெற்றோரில் 5 பேருக்கு மட்டுமே. மூன்று மருந்துகள் சேர்ந்து தந்த பலன் இது. வேரின் பெருமையாக மட்டும் இதைச் சொல்வது மிகை.

ரெசர்பினின் குறைகளும் விரைவிலேயே வெளிப்பட்டன. நோரட்ரீனலின் மூளையிலும் குறைவதால் அளவு மிகுந்தபோது சிலர் கடும் மனச்சோர்வுக்கு ஆளாயினர். 1974இல் மார்பகப் புற்றுநோயோடு இதைத் தொடர்புபடுத்திய ஆய்வுகள் வெளிவந்தன. பிந்தைய ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை என்றாலும் மருந்தின் பெயர் கெட்டது. புதிய மருந்துகளும் வந்துவிட்டன. ஆயினும் முதியோர் 4736 பேரிடம் நடந்து 1991இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அட்டெனலால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு 0.05 மில்லிகிராம் என்ற சிறு அளவில் ரெசர்பினே மாற்று மருந்தாக இருந்தது. அவ்வாய்வில் பக்கவாதம் 36 விழுக்காடு குறைந்தது.

நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் வேர்ப்பொடிக்கு இக்கணக்கு பொருந்தாது. வேருக்கு வேர் ரெசர்பின் அளவு மாறும். மில்லிகிராமின் சிறு பகுதியே பலனையும் கேட்டையும் பிரிக்கிறது. வேருக்காகத் தோண்டினால் செடியே அழிந்துவிடும். காடுகளில் இது அருகியதால் 1990இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.