ஏதென்ஸ் நகரின் திருமணச் சட்டச் சொற்களும் மொழிபெயர்ப்பும்

கணவன் மனைவி இணைப்பைக் குறிக்கக் கிரேக்க மொழியில் பெயரில்லை என்று அரிஸ்டாட்டில் தம் 'அரசியல்' என்னும் நூலின் முதற் பகுதியில் குறிப்பிடுகிறார். கி.மு. 4ஆம் நூற்றாண்டு ஏதென்ஸின் சட்ட வழக்கு இதனை விளக்குகிறது. அங்குத் திருமணம் ஒரே செயலன்று. தனித்தனிப் பெயர் பெற்ற செயல்களின் தொடர் ஆகும்.

முதலாவது 'எங்குயே'. பெண்ணின் தந்தையோ, அவர் இல்லாதவிடத்து அவளுடைய உடன்பிறந்தானோ மணமகனுக்கு அளிக்கும் உறுதி இது. கடனுக்குப் பிணை நிற்றலையும் இச்சொல்லே குறித்தது. பெண்ணை ஒப்படைத்தல் 'எக்டோசிஸ்'. மணவிழாவும் கூடலும் 'காமோஸ்'. இல்லறத்தில் உடன்வாழ்தல் 'சுனோய்கெயின்'. முன்னது நிகழ்ந்தால் பின்னது நிகழ்ந்தே தீரும் என்பதில்லை. சொற்பொழிவாளர் டெமாஸ்தனிசின் தந்தை, இறக்கும் தறுவாயில், தம் 5 வயது மகளை 2 தாலந்துச் சீதனத்துடன் டெமோபோன் என்பவருக்கு உறுதி செய்தார். பணம் கைமாறியது; மணம் நிகழவில்லை.

இவ்விடத்தில் எங்குயேயைத் 'திருமணம்' எனப் பெயர்த்தால் செய்தி பிழைபடும். 'நிச்சயதார்த்தம்' எனின் அதன் சட்டவலிமை மறையும். எங்குயேயின்வழி மணந்தவளின் பிள்ளைகளையே சட்டம் முறைப்பிள்ளைகளாகக் கொண்டது. 'மணவுறுதி' என்பது ஓரளவு பொருந்தும். பெண்ணைக் கொடுக்கும் உரிமையுடைய 'கூரியோஸ்' என்பவரைக் 'காப்பாளர்' என்பதினும் 'கொடைக்குரியோர்' எனல் தகும். தலைவியைக் கொடுத்தற்குரியோரைப் பற்றித் தொல்காப்பியக் கற்பியலும் பேசுகின்றது.

'புரோயிக்ஸ்' என்பதனை 'வரதட்சிணை' எனல் பொருந்தாது. அப்பொருளைக் கணவன் ஆண்டான். எனினும் மணமுறிவில் திருப்பித் தரக் கடமைப்பட்டான். தவறின் ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி இறுக்க வேண்டும். ஆதலின் 'சீதனம்' நெருங்கிய சொல்லாகும். ஆயினும் பெண் தானே அதனை ஆளும் உரிமை பெற்றிலள் என்பதைக் குறிப்புரையில் சுட்டுதல் வேண்டும்.

மிகுதியும் பிறழ உணரப்படுவது 'எபிக்ளேரோஸ்'. ஆண்மகன் இன்றி இறந்தவனின் மகளை இது குறிக்கும். 'சொத்தின்மேல் இருப்பவள்' என்பது சொற்பொருள். 'வாரிசுப் பெண்' எனப் பெயர்த்தால் அவளை உடைமையாளி ஆக்கிவிடுகிறோம். உண்மையில் தந்தைவழி நெருங்கிய ஆண் உறவினன் அவளை மணக்க வழக்குத் தொடுக்கலாம். சொத்து அவள்வழி அவளுடைய புதல்வர்களைச் சேரும். அவள் சொத்தைப் பெற்றவள் அல்லள், சொத்துடன் பெறப்பட்டவள்.

'புரோயிக்ஸ்' என்னும் சொல் 'புரோயிகா' எனத் திரிந்து இக்காலக் கிரேக்கத்திலும் வழங்கிற்று. 1983ஆம் ஆண்டின் குடும்பச் சட்டத் திருத்தம் அவ்வழக்கத்தைச் சட்டத்தினின்று நீக்கியது. சொல் நீடித்தமையால் பொருளும் மாறாது நின்றதெனக் கருதலாகாது. இச்சட்டப் பனுவல்களைத் தமிழாக்குவோர் ஒவ்வொரு செயலுக்கும் தனிச்சொல் ஆளுதல் வேண்டும். 'திருமணம்' என்ற ஒரு சொல்லில் அனைத்தையும் அடக்கின், யார் யாரைக் கொடுத்தனர், எதனைத் தம்மிடம் வைத்துக்கொண்டனர் என்பது புலப்படாமற் போகும்.