பின்னமும் தசமமும்

எண்ணைப் பிழையின்றிக் குறித்து வைத்தல் கணக்கர்க்கு மட்டும் உரிய தொழில் அன்று. பங்கும் பாகமும் உடைய குடும்பத்தார் யாவர்க்கும் உரிய கடமையாம். பின்னத்தைப் பின்னமாகவே வைத்தல் நன்றோ, தசமமாக மாற்றி வைத்தல் நன்றோ என்னும் வினா, பழைய ஓலைக் கணக்கு முதல் இக்காலக் கணிப்பொறித் தரவுத்தளம் வரை தொடர்ந்து வருவது. அதன் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

நம் முன்னோர் ஒன்றை 320 கூறாக்கி, ஒரு கூற்றினை முந்திரி என்றனர். நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா கால். முந்திரியையும் 320 ஆகப் பகுத்துக் கீழ்முந்திரி என்றனர். அஃது ஒன்றில் 1,02,400-இல் ஒரு கூறு. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களில் நிலவளவு இப்பெயர்களாற் குறிக்கப்பெற்றிருத்தல் காணலாம். ஆயினும் மூன்றிலொன்று இவ்வளவையுள் அடங்காது. 320 மூன்றால் வகுபடாமையே காரணம்.

பழைய ரூபாயோ 16 அணா, அஃதாவது 192 தம்படி கொண்டது. மூன்று உடன்பிறந்தார் ஒரு ரூபாயைப் பங்கிடின், ஆளுக்கு 5 அணா 4 தம்படி; எச்சம் இல்லை. 1957 ஏப்ரல் 1-ஆம் நாள் ரூபாய் 100 புதுக்காசு ஆயிற்று. அன்று முதல் ஆளுக்கு 33 காசு. ஒரு காசு எஞ்சும். அணாவும் 6¼ காசாகி, 6 காசென்றே கொள்ளப்பட்டது. பதினாறு தனித்தனி அணாக்களை அவ்வாறு மாற்றின் 96 காசே வரும். நான்கு காசு மறையும். பெருக்கலும் கூட்டலும் எளிதாயின என்பதும் உண்மையே.

கணிப்பொறி இரண்டு, நான்கு, எட்டு என இரட்டித்துச் செல்லும் பகுதிகளால் எண்ணுவது. ஆதலின் காலும் மாகாணியும் அதனுள் முழுமையாய் அமையும். பத்திலொன்று முடிவின்றி நீளும். ஓரிடத்தில் வெட்டியே வைத்தல் வேண்டும். அவ்வெட்டு சிறிதென்று இகழற்க. 1991 பிப்ரவரி 25-இல், சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியட் என்னும் ஏவுகணைத் தடுப்புப் பொறி, பத்திலொரு நொடியாகக் காலத்தை எண்ணி வந்தது. நூறு மணி நேரம் ஓய்வின்றி இயங்கியதால் வெட்டுண்ட சிறுமை திரண்டு, ஏறத்தாழ மூன்றிலொரு நொடிப் பிழையாயிற்று. பகைவர் ஏவுகணை தடுக்கப்படாது வீழ்ந்து, 28 அமெரிக்கப் படைவீரர் மாண்டனர்.

ஆயின் தசமம் வேண்டாவோ எனின், அற்றன்று. நிறையும் நீளமும் அளந்து பெறுவன. அளவுகோலின் நுண்மைக்கு மேல் அவற்றில் உண்மை இல்லை. தசமம் அவற்றிற்குப் போதும். பங்கு என்பதோ அளந்து பெறுவது அன்று; வகுத்துப் பெறுவது. அதனைத் தொகுதி, பகுதி என இரு முழு எண்ணாகத் தரவுத்தளத்தில் வைத்தலே முறை. பணத்தைக் காசுக் கணக்கில் முழு எண்ணாக வைத்தலும் நன்று.

பாகப்பத்திரம் எழுதும் நம்மவரும் மூன்றிலொரு பங்கு என்றே எழுதுக. 33.33 விழுக்காடு என எழுதின், மூவர் பங்கும் சேர்ந்து 99.99 ஆகும். எஞ்சியது யாருக்கு உரியது? இன்றைய சிறு எச்சமே நாளை உடன்பிறந்தாரிடையே வழக்காய் வளரும். அதற்கு இடங்கொடாமை அறிவுடையார் செயலாம்.