சேப்பாக்கத்து ராம் சிங்

பாட்டி சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, என் பீச்சாங்கையை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொள்வாள். அந்தக் கைக்கு மரியாதை கிடைத்தது செஞ்சி ராஜகிரி மலையடியில் பந்து விளையாடும்போது மட்டும்தான். லெக் ஸ்டம்பைப் பார்த்துப் போகிற பந்து தரையில் குத்தியதும் வெளியே திரும்பும். வலது கைக்காரன் மட்டையை நீட்டினால் விளிம்பில் பட்டு ஸ்லிப்புக்குப் போகும்.

இதே பந்தை வீசித்தான் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டத்தையே ஒருவர் ஒரு நாளில் முடித்தார் என்று அப்பா சொன்னார். ஏ. ஜி. ராம் சிங்.

"சிங்கா? வடக்கத்தியாராப்பா?" என்றேன்.

"நம்ம தேசிங்கு ராஜா மட்டும் யாருடா? தேஜ் சிங்தானே?"

புந்தேலா ராஜபுத்திரன் தேஜ் சிங், 1714இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையோடு மோதி உயிர்விட்டபோது வயது 22 என்பார்கள். அவனைத் தேசிங்கு என்று நம் வாய்க்குப் பழக்கி, கதைப்பாட்டும் கட்டிக்கொண்டோம். 1910இல் அமிர்தசரஸில் பிறந்து சென்னைக்காரராகவே வாழ்ந்த ராம் சிங்குக்குப் பாட்டு இல்லை. அந்தக் குறை எனக்கு வெகுநாளாக உண்டு.

1934 நவம்பர் 4, ஐப்பசி மாதம். சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதின. முதல் பந்தை வீசியவர் மொறப்பாக்கத்துக்காரர் எம். ஜே. கோபாலன்.   மைசூர் 48க்குச் சுருண்டது. ராம் சிங் 19 ஓட்டம் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். சென்னை எடுத்தது 130தான். மைசூர் மறுபடி இறங்கி 59க்கு அடங்கியது. இந்தமுறை அவருக்கு 16 ஓட்டத்துக்கு 5 விக்கெட். பொழுது சாய்வதற்குள் இன்னிங்ஸும் 23 ஓட்டமுமாகச் சென்னைக்கு வெற்றி. மொத்தம் 35 ஓட்டத்துக்கு 11 விக்கெட்! ஒரு ஓவரில் நான்கு ஓட்டம் போனாலே மனம் உடைந்துபோகும் எனக்கு. அந்தக் கணக்கை எத்தனை முறை போட்டுப் பார்த்திருப்பேன்.

மட்டையையும் இடது கைக்காரராகவே பிடித்தார். முதல்தர ஆட்டங்களில் 3,000க்கு மேல் ஓட்டம், 250க்கு மேல் விக்கெட். ஆனால் டெஸ்ட் ஒன்றுகூட ஆடவில்லை. 1936இல் விஜயநகரம் மகாராஜ்குமார் தலைமையில் இங்கிலாந்து போன அணியில் கோபாலன் இருந்தார். நாற்பதைத் தொட்ட சென்னைக்காரர் சி. ராமசாமியும் இருந்தார். ராம் சிங் இல்லை. அந்த ஆண்டு ஆகஸ்டுக்குப் பிறகு 1946 ஜூன் வரை இந்தியாவுக்கு டெஸ்டே கிடையாது. நடுவில் உலகப் போர். ஒரு சுழல் பந்துவீச்சாளனின் விரல் நன்றாகப் பழுக்கிற 26 வயது முதல் 36 வரை அப்படியே போயிற்று. மறுபடி ஆட்டம் தொடங்கியபோது வினு மன்கட் வந்துவிட்டார். அவரும் இடது கைச் சுழல், அவரும் மட்டையாளர், ஏழு வயது இளையவர். மன்கட்டின் மேதைமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1936ஐத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ராம் சிங்கின் பிள்ளைகளில் கிருபால் சிங், மில்கா சிங் இருவரும் இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடினார்கள். 1955 நவம்பரில் ஹைதராபாத்தில், நியூசிலாந்துக்கு எதிரான தன் முதல் டெஸ்டிலேயே கிருபால் ஆட்டமிழக்காமல் 100 அடித்தார். அப்போது ராம் சிங்குக்கு வயது 45.